கஞ்சா ஆராய்ச்சியா என்று சிரிக்கிற மாமாவுக்கும், நிலத்தை விற்கத் துணிந்த அப்பாவுக்கும்

போன வாரம் நாமக்கல் பக்கமிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு, மேலே என்ன படிக்க வைப்பது என்று கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். நீட் இரண்டு முறை எழுதியாயிற்று, அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. மூன்றாவது முறை எழுத வைப்பதா, இருக்கிற இரண்டு ஏக்கரை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதா, இதுதான் அவர்கள் கேள்வி. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினால் பக்கம் பக்கமாக மூலக்கூறு வரைபடங்கள். என்னம்மா இது என்றேன். "டிஹெச்சி, சிபிடி ரெண்டும் கஞ்சாச் செடியில இருக்கு சார், ரெண்டுக்கும் ஒரே வாய்பாடு, ஒண்ணுல ஒரு வளையம் மூடியிருக்கு, இன்னொண்ணுல திறந்திருக்கு, அவ்வளவுதான், ஆனா டிஹெச்சி போதை, சிபிடி வலிப்புக்கு மருந்து" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கூட வந்த தாய்மாமா சிரித்தார். கஞ்சாவையா படிக்கப் போற?

அம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை விற்காதீர்கள். மூன்றாவது முறையும் வேண்டாம். உங்கள் மகள் கேட்பது மருந்து வேதியியல், அது விளையாட்டுப் படிப்பு இல்லை.

மாமா சிரித்தாரே, அந்தக் கஞ்சா ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம். 1930ல் பல்கேரியாவில் பிறந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர். காவல்துறையிடம் ஐந்து கிலோ ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின், வாங்கி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனவர். 1964ல் சக ஆய்வாளர் கவோனியோடு சேர்ந்து டிஹெச்சியைப் பிரித்தெடுத்து அமைப்பைச் சொன்னார். அது நம் உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் 24 வருடம் ஆனது: 1988ல் அமெரிக்க ஆய்வாளர் அலின் ஹவ்லெட்டின் குழுதான் மூளையில் அது போய் ஒட்டுகிற இடத்தை, அதாவது ஏற்பியை, காட்டியது. செடிப் பொருளுக்கு மூளையில் பூட்டு இருக்கிறது என்றால் உடம்பே ஒரு சாவியும் செய்ய வேண்டுமே? 1992ல் மெக்கூலம் குழு அதைப் பன்றி மூளையிலிருந்து எடுத்து அனந்தமைடு என்று பெயர் வைத்தது, நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான். அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன.

சைட்டேஷன் என்கிற அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆய்வாளரின் பெயரை எடை போடுகிறார்கள், அதனால் அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சிபிடியை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு பிரேசிலில் நடந்து 1980ல் வெளியானது, அதிலும் மெக்கூலம் இருந்தார். அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது 2018ல். முப்பத்தெட்டு வருடம்! நல்ல ஆய்வின் மதிப்பு தெரியவே அவ்வளவு காலம் ஆகலாம். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காகச் செய்த, டிஹெச்சி போல மூளையில் வேலை செய்யும் சேர்மங்களில் ஒன்றான ஜேடபிள்யூஹெச்-018ஐ 2008ல் ஐரோப்பாவில் விற்ற போதைப் பொட்டலங்களில் கண்டுபிடித்தார்கள், அதன் பிறகு தடயவியல்காரர்களும் நச்சியல்காரர்களும் அவரை மேற்கோள் காட்டாமல் எழுத முடியவில்லை. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை மட்டும் எண்ணாமல் எதற்காகச் சொன்னார்கள் என்றும் பார்க்க உங்கள் மகள் இப்போதே பழகட்டும்.

சரி, வேலை என்ன என்று கேட்டீர்கள். டிஹெச்சி மூலக்கூறில் ஐந்து கார்பன் நீள வால் ஒன்று இருக்கிறது. அதை நீட்டி, கிளை வைத்தால் வீரியம் பல மடங்கு ஏறும். எங்கே நீட்டினால் வலி குறையும், போதை குறையும், கல்லீரல் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து, சுத்தம் செய்து, மருந்தியல்காரரிடம் சோதிக்கக் கொடுத்து, தோற்று, திரும்பச் செய்வதுதான் வேலை. பத்தில் எட்டு முறை வினை சொதப்பினாலும் மறுநாள் போய் நிற்கிற பிடிவாதம் வேண்டும். நோட்டு நிறைய வரைந்தவளுக்கு அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

வழி இதுதான். ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பு, திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதற்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு, பிளஸ் டூ முடித்து எத்தனை வருடத்துக்குள் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு, அதனால் இந்த வாரமே பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் ஜாம் என்கிற நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. நைப்பர் என்கிற மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனங்களில் மருந்து வேதியியல் முதுகலையும் இருக்கிறது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அதாவது பிஎச்.டி.க்கு நீங்கள் கட்ட வேண்டாம், அவளுக்குத் தருவார்கள். வேண்டாம் என்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு மருந்து கம்பெனிகளுக்காக ஆய்வு செய்து கொடுக்கும் பெங்களூரு, ஹைதராபாத் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் சேரலாம், கரிம வேதியியல் படித்தவர்களை அங்கே எடுக்கிறார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், பிஎச்.டி. முடிய அவளுக்கு முப்பதை நெருங்கிவிடும், கல்யாணம் எப்போது என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவள் தலையில் இறக்காதீர்கள், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐயா, பத்திரத்தை பீரோவில் வையுங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், பக்கத்தில் மாமா உட்கார வேண்டாம்.