காற்றை அளக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து எழுதியிருந்தீர்கள் அம்மா. மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். பேங்க் பரீட்சைக்குப் படி என்றால், காற்று மாசு ஆய்வகத்தில்தான் சேருவேன் என்கிறாளாம். எல்லாவற்றையும் மெஷினே அளக்கும்போது இவளுக்கு என்ன வேலை, கெமிக்கல் உடம்பைக் கெடுக்காதா, சம்பளம் எப்படி என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மெஷின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் ஆர்.கே.புரத்திலேயே காற்றை அளக்கும் தானியங்கி நிலையம் இருக்கிறது. பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேல் போகாத நுண்தூசி, எவ்வளவு என்று மணிக்கு மணி சொல்லும். அந்தத் தூசியில் ஈயம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று அறிய, ஃபில்டரில் தூசியைப் பிடித்து வந்து, அமிலத்தில் கரைத்து, ஆய்வகக் கருவியில்தான் பார்க்கிறார்கள். 2009-ல் வந்த தேசிய காற்றுத் தர வரம்பில் உள்ள 12 மாசுகளில் இந்த மூன்றும் உண்டு. இதற்குப் பழகிய கை வேண்டும்.

எப்படிப்பட்ட கை என்று சொல்கிறேன். ஃபில்டரில் தூசியைப் பிடிக்கும் பிஎம் 2.5 சாம்ப்ளர் கருவி நிமிஷத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு நாளைக்கு 24 கன மீட்டர். ஒரு நாள் சராசரிக்கான வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அப்படியென்றால் வரம்பைத் தொடும் நாளில்கூட ஃபில்டரில் படியும் தூசி ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு! அதை எடை போட, ஈரப்பதமும் வெப்பமும் மாறாத அறையில் ஃபில்டரை ஒரு நாள் வைத்திருந்து, மைக்ரோ தராசில் ஏற்ற வேண்டும். தூசி பிடிப்பதற்கு முன் ஒரு தடவை, பிடித்த பின் ஒரு தடவை. ஆலோசகராவதற்கு முன் நானும் இந்த வேலை செய்தவள்தான். ஒரு மழைக்கால நாளில், ரிப்போர்ட் அவசரம் என்று அப்படி வைக்காமலே எடை போட்டுவிட்டேன். ஈரமும் தூசிக் கணக்கில் ஏறி, அந்த மாதிரியே வீணானது. அவசரப்படாத பெண்ணா உங்கள் மகள்? எனக்கு அதுதான் முதல் கேள்வி, மதிப்பெண் அப்புறம்தான்.

கெமிக்கல் விஷயத்தில் உங்கள் பயம் சரி. சல்பர் டை ஆக்சைடை அளக்கும் வெஸ்ட்–கேக்கி முறையில் காற்றைப் பாதரச உப்புக் கரைசலுக்குள் குமிழி விடுவார்கள். பிறகு சாயம் சேர்த்து, வரும் செவ்வூதா நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்ப்பார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு சோடியம் ஆர்சனைட் கரைசல். இரண்டுமே விஷம். அதனால் சேரும் முன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். விஷ ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு ஓடுகிறதா, பாதரசக் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். சிங்க்கில் கொட்டுகிறார்கள் என்றால் அங்கே வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். கையால் மாதிரி எடுக்கும் இடங்களில் வாயுவுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூசிக்கு 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி 24 மணி நேரம் எடுப்பது வழக்கம். ஜனவரி ராத்திரியில் மொட்டை மாடிக்கு யார் ஏறுவது, வண்டி உண்டா, துணைக்கு ஆள் உண்டா?

சம்பளம், தனியார் ஆய்வகத்தில் ஆரம்பத்தில் குறைவுதான், மறைக்க மாட்டேன். கலவையில் உள்ள வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப், உலோகங்களை அளக்கும் ஐசிபி மாதிரி கருவிகளைத் தனியாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் அது ஏறும். அதனால் எம்.எஸ்சி.க்கு, சுற்றுச்சூழல் என்ற பெயரை மட்டும் பார்க்காமல் பகுப்பாய்வு வேதியியலில் கருவிப் பயிற்சி நிறைய உள்ள படிப்பாகத் தேடச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி.க்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். ஜே.என்.யு. போன்ற பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் லேப் அசிஸ்டென்ட் முதல் சயின்டிஸ்ட் வரை பதவிகள் இருக்கின்றன, ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பேங்க் பரீட்சையையும் ஒரு பக்கம் எழுதட்டும்.

இந்த டிசம்பர் லீவில், காற்றுப் பரிசோதனைக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உள்ள ஆய்வகம் ஒன்றில் சில வாரம் பயிற்சிக்கு அனுப்புங்கள். சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு பிளாங்க் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். தூசியே படாத ஃபில்டரையும் இப்படி எடை போட்டுப் பார்ப்பார்கள், அதுதான் பிளாங்க். அதைப் பற்றி அவள் பத்து நிமிஷம் விடாமல் பேசினால், எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பார்ப்போம்.