தாராவியும் தமிழ் வேட்பாளரும்

அன்புள்ள ஐயா,

மூன்று தலைமுறையாக மும்பையின் சயானில் வசிக்கிறோம். 2024 சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துத் தொகுதியான தாராவியில் காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட் வென்றபோது என் தந்தை கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். அத்தொகுதி தொடக்கத்திலிருந்தே ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. இத்தனை தமிழர் வாழும் இடத்திலிருந்து ஒருவர்கூடச் சட்டமன்றம் செல்லாததற்கு நம்மவரின் ஒற்றுமையின்மைதானே காரணம்? பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அதைப் பொதுத் தொகுதியாக்கக் கோரினால் என்ன?

ஒரு வாசகர், சயான்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். 1978இல் தாராவியில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் சத்யேந்திர மோரே. பொதுக்குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காக 1927ஆம் ஆண்டு நடந்த மகாட் சத்தியாகிரகத்தில் அம்பேத்கருக்குத் துணைநின்ற ஆர். பி. மோரேயின் மகன் அவர். 1980இல் காங்கிரஸின் பிரேமானந்த் அவாளே வந்தார். ஏக்நாத் கெய்க்வாட் வென்றது 1985இல்தான். 1995இல் சிவசேனையின் பாபுராவ் மானே வென்றதைத் தவிர்த்தால், அதன்பின் ஏக்நாத், 2004 முதல் நான்கு முறை மகள் வர்ஷா, அவர் மக்களவைக்குச் சென்றபின் சகோதரி ஜோதி என்று அக்குடும்பம் தொடர்கிறது.

ஒற்றுமையின்மை என்பது நாமே நம்மேல் சுமத்திக்கொள்ளும் பழைய குற்றச்சாட்டு. தாராவியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. மும்பையில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை தாராவி, குர்லா ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளே. ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்பவர் 'அந்த மாநிலத்தின்' பட்டியல் சாதிகளுள் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பட்டியலோ, அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியானது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்தில் குடியேறும்போது அந்தத் தகுதி அவருடன் செல்வதில்லை என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆகவே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் தங்கிவிட்ட ஆதிதிராவிடரின் பேரன், ஊரில் பட்டியல் சாதியினன். தான் பிறந்த தாராவியில் அல்லன். அவருக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் நாடாருக்கோ ஊரிலும் அந்தத் தகுதி கிடையாது. இருவரும் வாக்களிக்கலாம், கொடி பிடிக்கலாம், மேடை போடலாம். வேட்புமனு மட்டும் தாக்கல் செய்ய முடியாது. மகனின் சாதிச் சான்றிதழுக்காக, பட்டியல் சாதிகளின் பட்டியல் அறிவிக்கப்பட்ட 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே தாத்தா மும்பையில் இருந்தார் என்று காட்டுவதற்குப் பழைய கூலிச்சீட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கிளறிய ஒருவரை எனக்குத் தெரியும். அப்படியொரு சீட்டு அகப்பட்டாலும், சாதியின் பெயர் இங்குள்ள பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அடுத்த தொகுதியைப் பாருங்கள். சயான் கோலிவாடா பொதுத் தொகுதி. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கேப்டன் தமிழ்ச்செல்வன் பா.ஜ.க. சார்பில் அங்கே 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். அவருடைய கட்சியை நான் ஆதரிப்பவனல்லன். ஆனால் பஞ்சாபியரும் மீனவர்களான கோலிகளும் மராத்தியரும் கலந்து வாழும் இடத்தில் தமிழர் வாக்கை மட்டும் நம்பி யாரும் மூன்று முறை வெல்ல முடியாது என்பதை நம் சங்கக் கூட்டங்களில் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பொதுத் தொகுதியாக்கும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அது மராட்டிய தலித் மக்களின் இடத்தைப் பறித்து நமக்குக் கேட்பதாகும். அதோடு, இப்போதுள்ள ஒதுக்கீடு 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் தீர்மானமானது. அடுத்த மறுவரையறை வரை யார் கோரினாலும் அசையாது. கோருவதென்றால், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் தலித் பிள்ளைகளுக்கு இம்மாநிலப் பட்டியலில் இடம் வேண்டும் என்று கேட்கலாம். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்பதால், அந்த மனுவை எடுத்துச்செல்ல வேண்டியவர் தாராவி எம்.எல்.ஏ. அல்லர், தென்மத்திய மும்பையின் மக்களவை உறுப்பினர்.