எந்தப் பல்கலைக்கழகம் எட்டும்? பீடோங் வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

கெடா மாநிலத்துப் பீடோங், குரூண், செமலிங் பக்கத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எனக்கு இடம் கிடைக்குமா?" இதற்கு ஆரூடம் வேண்டாம். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: சார், நான் மேல் ஆறாம் படிவம், அறிவியல் பிரிவு. இரண்டு பருவம் முடிந்துவிட்டது. கடைசியில் பி.என்.ஜி.கே. (மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 3.83 வரும் என்று நினைக்கிறேன். புறப்பாடம் 7.5. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்குமா? (மாணவி, பீடோங்)

முதலில் கணக்கைப் போடுவோம், தங்கச்சி. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூபியூ உங்களை வரிசைப்படுத்துவது மெரிட் புள்ளியை வைத்து. அதில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. பி.என்.ஜி.கே.யை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். அதோடு புறப்பாடப் புள்ளியைக் கூட்டுங்கள். உங்களுக்கு 86.18, அதோடு 7.5, மொத்தம் 93.68.

3.83 என்றால் மூன்று ஏ, ஒரு பி பிளஸ். அந்த ஒரு பி பிளஸ் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கிட்டத்தட்ட 3.8 மெரிட் புள்ளி. அது ஏ மைனஸாக இருந்திருந்தால் பி.என்.ஜி.கே. 3.92, இழப்பு 1.8 மட்டும். மருத்துவம் கேட்பவர்களில் 4.00 எடுத்தவர்கள் நிறைய. அந்த இடத்தில் ஒரு புள்ளிகூடப் பெரிய தூரம்.

அடுத்து, யூபியூ தளத்தில் இ-பாண்டுவான் என்ற படிப்பு வழிகாட்டிப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு படிப்பின் கீழும் முந்தைய சேர்க்கையின் சராசரி மெரிட் இருக்கும். 'புராத்தா மார்க்கா மெரிட்' என்று போட்டிருப்பார்கள். அது சராசரி, கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி அல்ல. சராசரிக்குக் கீழே இருந்தும் சேர்ந்தவர்கள் உண்டு. என் கணக்கில், சராசரியைவிட ஒரு புள்ளிக்குள் குறைந்தால் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு மூன்று புள்ளி குறைந்தால் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. அதற்கும் கீழே என்றால் விண்ணப்பப் பட்டியலில் அந்த இடத்தை வேறு படிப்புக்குக் கொடுங்கள். 93.68-ஐ வைத்து மலாயாவில் மருத்துவம் என்பது கடினம் என்றே சொல்வேன்.

ஆனால் உங்கள் கணக்கு இன்னும் முடியவில்லை. அறிவியல் பாடங்களில் மூன்று பருவத் தேர்வும் ஒவ்வொன்றும் 26.67 விழுக்காடு, பள்ளி மதிப்பீடு 20 விழுக்காடு. முதல் இரண்டு பருவத் தாள்களை மறுபடி எழுதலாம். இரண்டில் எது கூடுதலோ அதையே எடுத்துக்கொள்வார்கள். முதல் பருவ வேதியியலில் 50 வாங்கியவர் மறுதேர்வில் 75 வாங்கினால் மொத்தத்தில் 6.67 மதிப்பெண் ஏறும். பி பிளஸை ஏ மைனஸாக்க அது போதுமானதாக இருக்கலாம். பலர் செய்யும் தவறு, எல்லாத் தாளையும் மறுபடி எழுதப் பதிந்துவிட்டு மூன்றாம் பருவத்தைக் கோட்டைவிடுவது. மிகக் குறைவாக வந்த ஒரு தாளை, அதிகம் போனால் இரண்டை மட்டும் எடுங்கள்.

கேள்வி: புறப்பாடத்துக்கு வெறும் 10 விழுக்காடுதானே? அதற்காக மெனக்கெட வேண்டுமா? (மாணவர், குரூண்)

கட்டாயம் மெனக்கெட வேண்டும், தம்பி. 4.00 எடுத்து புறப்பாடம் 7.5 உள்ளவருக்கு மெரிட் 97.50. 3.92 எடுத்து 9.5 உள்ளவருக்கு 97.70. முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் புள்ளியை விடுவது இந்த இடத்தில்தான், அதுவும் திறமைக் குறைவால் அல்ல. பள்ளி முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப வழியில்லை. அதனால் வருகைப் பதிவில் ஓட்டை விழுகிறது. பி.ஏ.ஜே.எஸ்.கே. என்ற பள்ளிப் புறப்பாட மதிப்பீட்டில் வருகைக்குப் பெரிய பங்கு உண்டு. போட்டியில் பதக்கம் வாங்கியவருக்கும் வருகை இல்லாவிட்டால் புள்ளி இறங்கும். ஒரே தோட்டத்திலிருந்து நான்கைந்து பேர் போகிறீர்கள் என்றால் சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றையும் முடிந்தவரை ஒரே நாளில் கூட்டம் உள்ளதாகப் பார்த்துச் சேருங்கள். அந்த ஒரு நாளுக்குப் பெற்றோர் முறை வைத்துக் கார் ஓட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று, சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருந்தால் புள்ளி வராது. ஆசிரியர் கணினியில் பதிந்தால்தான் வரும். மாவட்ட, மாநில அளவில் எதில் கலந்துகொண்டாலும் அசலைக் காட்டி, நகலைக் கொடுத்து, பதிவானதா என்று திரையிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். பருவ முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பதிவு மூடிவிடும். ஆறாம் படிவம் போகிறவர்களுக்கு: ஐந்தாம் படிவத்துப் பதவியை நம்பி இருக்காதீர்கள், ஆறாம் படிவத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் நல்ல முடிவு வரும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மெட்ரிகுலேசனா, ஆறாம் படிவமா? (தாயார், சுங்கைப் பட்டாணி)

இரண்டையும் திறந்து வையுங்கள், அம்மா. மெட்ரிகுலேசன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கக் கல்லூரிப் படிப்பு, ஓராண்டு, இரண்டு பருவம். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். இரண்டுக்கும் பி.என்.ஜி.கே. 4.00 வரைதான், மெரிட் கணக்கும் ஒரே மாதிரிதான். மெட்ரிகுலேசனில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம். 2024-இல் அரசாங்கம் எடுத்த முடிவுப்படி, எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு. ஏ மைனஸ் அந்தப் பத்தில் சேருமா என்பதை உங்கள் மகளின் ஆண்டுக்குரிய அறிவிப்பில் வரிக்கு வரி படியுங்கள். 9 ஏ, 1 ஏ மைனஸ் என்று நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வரியில்தான் எல்லாம்.

மெட்ரிகுலேசன் விண்ணப்பம் யூபியூவோடு சேர்ந்ததல்ல. தனி விண்ணப்பம், தனிக் கெடு. யூபியூவில் பதிந்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. மெட்ரிகுலேசன் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆறாம் படிவ வகுப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் பருவத் தேர்வு விரைவில் வந்துவிடும். மூன்று வாரம் பிந்திச் சேர்ந்த பிள்ளை கணிதத்தில் திணறுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எது சுலபம் என்பதைவிட, மகள் எப்படிப் படிப்பவள் என்று பாருங்கள். விரைந்து ஓடும் பாடத்திட்டத்தில், விடுதியில், வீட்டுத் துணையில்லாமல் படிக்க முடியும் என்றால் மெட்ரிகுலேசன். ஒரு பருவம் சறுக்கினாலும் மறுதேர்வில் எழுந்துகொள்ளும் வாய்ப்பு வேண்டும் என்றால் எஸ்டிபிஎம்.

கேள்வி: குறைந்தபட்சத் தகுதி எல்லாம் எனக்கு இருக்கிறது. அப்படியானால் இடம் உறுதிதானே? (மாணவர், பாடாங் செராய்)

இல்லை, தம்பி. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒன்று குறைந்தாலும் 98 மெரிட் வைத்திருந்தாலும் கதவு திறக்காது. எஸ்பிஎம் மலாய்மொழி, கணிதம் ஆகியவற்றில் கேட்கும் தரம், மூவெட் ஆங்கிலத் தேர்வின் தரநிலை, சில படிப்புகளுக்கு நிறக்குருடு இல்லாமை, இவற்றை ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். மூவெட்டில் நான்கு தாளுக்கும் தலா 90, மொத்தம் 360. பேச்சுத் தாளுக்குப் பயந்து வாசிப்பை மட்டும் படிப்பவர்கள் கால்பங்குப் புள்ளியைக் கைவிடுகிறார்கள்.

கேள்வி: யூபியூ விண்ணப்பத்தில் 12 படிப்புகளை எப்படி அடுக்குவது? பாதுகாப்பானதை முதலில் போடச் சொல்கிறார்கள். (மாணவி, செமலிங்)

போடாதீர்கள். உங்களுக்கு வருவது ஒரே ஓர் இடம். நான்காவதாக ஆசைப்படுவதை முதலாவதாகப் போட்டால், அதுவே கிடைத்து மற்றதெல்லாம் போய்விடும். எதை எல்லாம் சேர்ப்பது என்பதைப் புள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். எந்த வரிசையில் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் மெரிட்டைவிடச் சராசரி கூடியவை மூன்று, ஏறக்குறைய சமமானவை ஐந்து, நிச்சயமாகக் குறைந்தவை நான்கு. இப்படிப் பிரித்தால் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்காது.

மருத்துவம் கேட்பவர்கள் மருந்தியலையும் பல் மருத்துவத்தையும் பாதுகாப்பு என்று கீழே போடுகிறார்கள். அவை அதே உயரத்தில் நிற்பவை. உயிர் மருத்துவ அறிவியல், உணவு அறிவியல், தாதியர் படிப்பு போன்றவற்றின் சராசரியைத் தனியே பாருங்கள். படிக்க மனமில்லாத ஒன்றைப் பன்னிரண்டை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். அதுவே கிடைத்தால் நான்கு ஆண்டு அதோடுதான் வாழ வேண்டும்.

படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் # குறி இருந்தால் நேர்முகத் தேர்வோ சோதனையோ உண்டு. போகாவிட்டால் அந்தப் படிப்பு கைவிட்டுப் போனது. அழைப்பு மின்னஞ்சலில் வரும். குப்பைப் பெட்டியையும் பாருங்கள். மருத்துவ நேர்முகத்தில் 'மக்களுக்குச் சேவை செய்ய ஆசை' என்பதோடு நிறுத்தினால் எடுபடாது. பயிற்சி மருத்துவருக்கு எத்தனை ஆண்டுப் பணி, 2016 இறுதியிலிருந்து மருத்துவர்களின் ஒப்பந்த நியமனம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதையாவது மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஆசை. அப்பா பால்மரம் சீவுகிறார். சாத்தியமா? (ஐந்தாம் படிவ மாணவர், பீடோங் ஹார்வர்ட் தோட்டம்)

விண்ணப்பிக்கலாம், தம்பி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை. இடம் கொடுத்துவிட்டால் தேவைக்கேற்ற முழு உதவியும் தருகின்றன. ஹார்வர்டில் 2025-26 முதல், ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு விடுதி, உணவு உட்பட எல்லாம் இலவசம். பணம் உங்களைத் தடுக்காது.

தடுப்பது எண்ணிக்கை. அங்கே விண்ணப்பிக்கும் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே எடுக்கிறார்கள், எல்லாரும் முதல் மாணவர்களே. அங்கே மெரிட் கணக்கு கிடையாது. இடைநிலைப்பள்ளி மதிப்பெண்கள், எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வு, கட்டுரைகள், ஆசிரியர் பரிந்துரை எல்லாம் சேர்த்துப் படிப்பார்கள். உங்கள் கையில் இருப்பது மூன்று: பரிந்துரை, எஸ்.ஏ.டி., கட்டுரை. இப்போதே இரண்டு பாட ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் இரண்டு வரிதான் வரும். எஸ்.ஏ.டி. நடக்கும் மையம் தூரத்தில் இருக்கலாம், நான்கு மாதம் முன்னே பதியுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள். கட்டுரையில் ஏழ்மையை மட்டும் எழுதினால் போதாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: தம்பி தங்கைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தீர்களா, எப்படி, என்ன மாறியது?

யூபியூவையும் ஆறாம் படிவத்தையும் விட்டுவிடாமல் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர்? (மாணவி, பீடோங்)

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் எஸ்டிபிஎம் சான்றிதழை ஏற்கின்றன. கல்விக் கட்டண மானியம் எடுத்தால் படித்து முடித்ததும் பொதுவாக மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். ஆசியான் இளங்கலை உபகாரச் சம்பளத்துக்கு மலேசியர்கள் தகுதியானவர்கள். மானியம் போக மிச்சக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ரிங்கிட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: யூபியூ முடிவில் எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? (தந்தை, குரூண்)

அன்றைக்கே மேல்முறையீட்டைத் தொடங்குங்கள், ஐயா. கெடு சில நாட்கள்தான். மேல்முறையீட்டில் அதே மருத்துவத்தை மறுபடி கேட்பதில் பெரும்பாலும் பயனில்லை. இடம் மிச்சமிருக்கக்கூடிய, உங்கள் பிள்ளையின் மெரிட் சராசரியைத் தாண்டும் படிப்பைக் கேளுங்கள். புறப்பாடப் புள்ளி தவறாகப் பதிந்திருந்தால் பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி இணையுங்கள். ஆசைப்பட்டது கிடைக்காத கோபத்தில், மேல்முறையீட்டில் வந்த இடத்தை ஏற்காமல் விடாதீர்கள். ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு முடிவெடுக்கலாம்.

தனியார் கல்லூரிக்குப் போவதென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவமானால் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரமும். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இப்போதே திறந்துவிடலாம். கடன் தொகையை முழுக் கட்டணத்திலிருந்து கழித்து, மீதியை மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். அந்தத் தொகை வீட்டுச் சம்பளத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.