பதில்: 14 வயசு மகன், எந்நேரமும் இயர்போன்

அக்கா, பையன் பர்மிய ஹிப் ஹாப்பே கதின்னு கிடக்கான், தமிழ்ப் பாட்டு போட்டா எந்திரிச்சுப் போயிடுறான், நம்மள வெறுக்குறானோன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. 2000-ல வந்த ஒரு இங்கிலாந்து ஆய்வுல 13, 14 வயசுப் பிள்ளைங்க 2,465 பேர்கிட்ட கேட்டாங்க, சராசரியா தினம் ரெண்டரை மணி நேரம் கிட்ட பாட்டு கேக்குறாங்க. கூட்டாளி புடிக்கறதே அதுலதான், நீ என்ன கேக்குறன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். என் மவன் யாங்கோன்ல பள்ளிக்கூடம் மாறுனப்போ ஒரு மாசம் யாரோடயும் பேசல, ஒரு நாள் டீக்கடை வாசல்ல நாலு பசங்க கிட்டார் வச்சுப் பாடிட்டு இருந்தாங்க, இவன் ஓரமா நின்னு தொடையில தாளம் போட்டான், மறுநாள்ல இருந்து வீடு தங்கல, அது வேற தலைவலி. இயர்போனப் புடுங்காதீங்க, ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேளுங்க. கூட்டாளிங்களயும் ஒதுக்கி, தூங்காம சாப்பிடாம கிடந்தான்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க.