அடுப்படியிலும் அலமாரியிலும் இருக்கும் கனிமங்கள்: கேள்வி பதில்

வகுப்பில் நிலவியல் கற்பித்த நாட்களில் மாணவர்கள் கேட்டவற்றைவிட, வீட்டில் இருப்பவர்கள் கேட்பவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கின்றன. இம்முறை வந்தவற்றுள் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் பென்சில் முனையை அடிக்கடி நாக்கில் தொட்டுக்கொள்கிறான். அதில் ஈயம் இருப்பதால் உடம்புக்குக் கெடுதல்தானே?

பதில்: நாம் பயன்படுத்தும் பென்சிலின் கருங்குச்சியில் ஈயம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டை, அதன் மினுக்கத்தைப் பார்த்து ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்துவிட்டார்கள். அது கரிமம் மட்டுமே என்று பின்னாளில் தெரிந்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. 1795-இல் பிரான்சைச் சேர்ந்த கோந்தே என்பவர், கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி எழுத்து வெளிறும். குறைந்தால் எழுத்து கறுக்கும். பென்சிலின் மேல் அச்சிட்டிருக்கும் எச், பி என்ற எழுத்துகள் இந்தக் கலவையைத்தான் குறிக்கின்றன. நம் சிவகங்கைப் பக்கத்திலும் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள். மகனின் பழக்கத்தை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் நான் கவலைப்படுவது அவன் கடித்துத் தின்னும் மேல்பூச்சு வண்ணத்தைப் பற்றி.

கேள்வி: எங்கள் பாட்டி செங்கற்பொடியால்தான் பல் துலக்கினார். பற்பசையிலும் கல்பொடிதான் இருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டிலும் கல் இருப்பது உண்மை, ஆனால் எந்தக் கல் என்பதில்தான் வேறுபாடு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், பல்லின் மேலுறை ஏறத்தாழ 5. அதுவும் அபடைட் என்னும் கனிம வகையைச் சேர்ந்ததே. பற்பசைகளில் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் 3 என்ற அளவில் இருப்பதால் அழுக்கைத் தேய்த்தெடுத்தாலும் பல்லைக் கீறுவதில்லை. செங்கல்லிலும் ஆற்று மணலிலும் உள்ள குவார்ட்ஸோ 7. தேய்ந்துபோன மேலுறை மீண்டும் வளராது என்பதால், பாட்டியின் பற்கள் நிலைத்திருந்தால் அது செங்கல்லையும் மீறி நிலைத்தது என்றே சொல்வேன்.

கேள்வி: முகப்பவுடர் கல்லிலிருந்து வருகிறதா? குழந்தைக்குப் போடலாமா?

பதில்: ஆம், முகப்பவுடரில் இருக்கும் டால்க் என்பது மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம், மோஸ் அளவில் 1, அதாவது நகத்தாலேயே கீறிவிடலாம். சேலத்தில் கல்சட்டி கடையும் மாக்கல்லிலும் இதே டால்க்தான் மிகுதியாக இருக்கிறது. குழம்பு வைக்கும் சட்டியும் பவுடர் டப்பாவும் ஒரே குடும்பம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சிக்கல் என்னவென்றால், நிலத்தடியில் டால்க்கும், புற்றுநோய் உண்டாக்கும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சில இடங்களில் அருகருகே உருவாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. கைக்குழந்தை அந்தத் தூளை மூச்சில் இழுக்கும் என்பதால், போட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: இந்துப்பு சாதாரண உப்பைவிட உயர்ந்ததா?

பதில்: இரண்டும் சோடியம் குளோரைடே. இந்துப்பின் இளஞ்சிவப்புக்குச் சிறிதளவு இரும்புச் சேர்மங்கள் காரணம். ஒரு சிட்டிகை உப்பில் வரும் அந்த இரும்பால் உடம்புக்கு ஒன்றும் கூடிவிடாது. பாக்கெட் உப்பில் சேர்க்கும் அயோடின் (கடையில் வாங்கும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு இருக்க வேண்டும்) இந்துப்பில் இயல்பாகக் கிடைப்பதில்லை.

கேள்வி: கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுழற்றினால் குடிக்கலாமா?

பதில்: படிகாரம் மிதக்கும் மண்துகள்களைத் திரளச்செய்து அடியில் படியவைக்கும். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கருப்பாக இருக்கிறதே, அது வீட்டில் எதற்காவது பயன்படுகிறதா?

பதில்: ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கருப்பாக இருப்பவற்றில் பெரும்பகுதி இல்மனைட். செந்நிறமாக மின்னுபவை கார்னெட். தேடினால் தேன் நிறத்தில் மோனசைட் மணிகளும் தென்படலாம். இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் சுவர் வண்ணத்துக்கும் பற்பசைக்கும் வெண்மை தருகிறது. கார்னெட்டைத் தச்சர்களின் உப்புத்தாளில் ஒட்டுவார்கள். மோனசைட்டின் கதை வேறு: திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதை 1909-இல் கண்டறிந்த ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர், மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை அமைத்தார். அதிலுள்ள தோரியம், அந்நாளில் எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்கு (சுடரில் சூடாகி ஒளிரும் வலை உறைக்கு) தேவைப்பட்டது. கல்யாண வீடுகளில் இரைந்துகொண்டிருந்த பெட்ரோமாக்ஸின் வெள்ளொளிக்கும் அதுவே காரணம். தோரியம் லேசான கதிர்வீச்சு உடையது. பரணில் பழைய மேண்டில் இருந்தால், அதைக் கையால் நொறுக்காமலும் தூசி மூக்கில் ஏறாமலும் உறையில் போட்டு மூடி அப்புறப்படுத்துங்கள்.