கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் கணவர் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறார். எங்களுக்கு 11, 7, 3 வயதில் மூன்று பிள்ளைகள். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த காசில் பிள்ளைகளைச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஆசை. எதில் மிச்சம் பிடிக்கலாம்?
வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் பிள்ளைகளின் வயதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பூங்காவில் 4 வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். விமானத்தில் சிறுவர் கட்டணம் 12 வயது தொடங்கும்வரைதான். ஆகவே கடைக்குட்டிக்கு 4 ஆகுமுன், மூத்தவருக்கு 12 ஆகுமுன் போய்விடுங்கள். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் இரண்டு இடத்திலும் கூடக் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்தது, எப்போது போவது? நிலாவெளிக்காரருக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த நாட்களில் உங்கள் கணவருக்கு லீவு கிடைக்காது. டிசெம்பரில் கிடைக்கும், ஆனால் அப்போது சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை, பூங்கா நிரம்பி வழியும். எங்கள் ஏப்ரல் விடுமுறையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். சித்திரைப் புத்தாண்டை வீட்டில் கொண்டாடிவிட்டு, அந்த வாரமே ஒரு செவ்வாய் அல்லது புதன் பார்த்துப் பூங்காவுக்குப் போங்கள். பெரிய வெள்ளி வருகிறதா என்று மட்டும் நாட்காட்டியில் பாருங்கள், அன்று அங்கே பொது விடுமுறை. கூட்டம் இல்லாத நாளில், வரிசையைத் தாண்டிப் போக விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவையே இல்லை. நான்கு பேருடைய டிக்கெட் காசோடு அதையும் கூட்டிப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. புறப்படுமுன் பிள்ளைகளைக் கதவு நிலையோடு நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நாங்கள் 2023 ஓகஸ்டில் போனபோது என் சின்ன மகன் மாதக்கணக்காக மம்மி ரோலர்கோஸ்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அதற்கு 122 செ.மீ. வேண்டும், அவன் 119. அளவுகோலின் கீழே நின்று, குதிக்காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. டிரான்ஸ்போர்மர்ஸுக்கு 102 செ.மீ. போதும், ஜுராசிக் பார்க் படகுக்கு 107. இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி, எதில் ஏறலாம் என்று பிள்ளையோடு சேர்ந்து பட்டியல் போட்டிருந்தால் அவன் அன்று அழுதிருக்க மாட்டான். உங்கள் மூன்று வயதுக்காரரை வைத்துக்கொண்டு நீங்கள் வெளியே நிற்க, கணவர் மூத்தவரோடு ஏறி வரட்டும். அப்புறம் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் நீங்கள் ஏறலாம். அதற்கு அங்கே முறை இருக்கிறது, வாசலில் நிற்கும் பணியாளரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா பக்கம் அறை எடுங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மாறாமலே ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். அங்கிருந்து, பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்கு மோனோரயில் தலைக்கு 4 டொலர். கடலுக்கு மேலே பலகைப் பாதையில் நடந்தால் காசே இல்லை. காலையில் வெயில் ஏறுமுன் நடந்து போங்கள், மாலையில் கால் ஓய்ந்து வரும்போது மோனோரயிலில் வாருங்கள். திரும்பும் வழிக்கு அது இலவசம். ஒரு சிங்கப்பூர் டொலர் நம் காசில் இருநூறு ரூபாயைத் தாண்டும் என்பதால் இந்த ஒரு நடை ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமம்.

சாப்பாட்டுப் பார்சல் உள்ளே விடமாட்டார்கள். காலையில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் தோசையோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். வெறும் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போகலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொண்டே இருங்கள். மழைக்கோட்டு திருகோணமலையிலேயே வாங்கிப் பையில் வையுங்கள். ஏப்ரலில் அங்கே பின்னேரம் இடிமழை வரும், வந்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்று, வெளி ரைடுகளைக் காலையில் முடித்துவிடுங்கள். ஜுராசிக் பார்க் படகில் எப்படியும் நனைவீர்கள், அதற்கும் அதே கோட்டு.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாளைக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் கடற்றொழில். சிங்கப்பூர் எங்களுக்கு எட்டாது. பிள்ளைகள் சறுக்குக் குழாய், அலைக்குளம் என்று கேட்கிறார்கள். “வாசலில் கடல் கிடக்க இதற்குக் காசா?” என்று அவர் கேட்கிறார்.
வாசகி, கிண்ணியா

பதில்: அவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் வாடைக் காற்றுக் காலத்தில் நம் கடலில் பிள்ளைகளை இறக்க முடியாதென்பது அவருக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும். தொழிலும் குறைகிற அந்த டிசெம்பர் விடுமுறையில் ஹன்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்டுக்கோ, பண்டாரகமையில் இருக்கும் பேர்ல் பேக்கோ கூட்டிப் போகலாம், இரண்டிலும் நீர்ப்பூங்கா உண்டு. மேற்குப் பக்கத்தில் டிசெம்பர் கடைசியில் மழை குறையத் தொடங்கும்.

பெரிய செலவு போக்குவரத்துதான். தனியாக வேன் பிடிக்காதீர்கள். இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டால் பாதி. இரவு பஸ்ஸில் கொழும்பு போய், அங்கிருந்து காலையில் போனால் இன்னும் குறைவு, அறைக்கும் காசில்லை. ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் வேண்டாம். நைலோன் குளியல் உடுப்பு இல்லாமல் பெரும்பாலான நீர்ப்பூங்காக்களில் தண்ணீரில் விடுவதில்லை. வாசலில் போய் வாடகைக்கு எடுத்தால் வீட்டில் எல்லோருக்குமாக நல்ல தொகை வரும். நம் கடைத்தெருவில் வாங்கினால் அடுத்த பங்குனியில் கடலுக்கும் அதுவே.

கேள்வி: மாமியும் எங்களோடு சிங்கப்பூர் வருகிறார். அவருக்கு 68 வயது. ரைடில் ஏறப் போவதில்லை, டிக்கெட்டுக்கோ நல்ல காசு போகும். அன்று அவரை அறையில் விட்டுப் போகலாமா?
வாசகி, சாம்பல்தீவு

பதில்: அவரிடம் கேட்டீர்களா தங்கச்சி? உங்கள் கடிதத்தில் அது இல்லை. “எனக்கு எதுக்குப் பிள்ளை, காசு தண்டம்” என்று முதல்தரம் சொல்வார். இரண்டாம் தரம் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

உண்மையிலேயே வேண்டாம் என்றால், செந்தோசாவில் கடற்கரை இலவசம், தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் இலவசம். உங்களில் ஒருவர் அரை நாள் மாமியோடு அங்கே இருக்கலாம். ஆனால் தெரியாத ஊரில் பூட்டிய அறையில் நாள் முழுக்கத் தனியே விடாதீர்கள்.

என் மாமியும் அன்று எங்களோடு வந்தவர். வோட்டர்வேர்ல்ட் என்று ஒரு காட்சி, தண்ணீரில் படகுகள் பாய்ந்து வெடித்துத் தீப்பிடிக்கும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், இருந்து பார்க்கலாம். ஈர வாங்கில் இருக்க மாட்டேன் என்றவர், முதல் வெடி வெடித்ததும் என் கையைப் பிடித்தார், முடியும்வரை விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு செலவையும் எழுதிக் கூட்டினேன். நினைவுப் பொருள் கடையில் போன காசு எனக்கு இன்னும் கவலை. மாமியின் டிக்கெட்டை நான் அந்தப் பக்கத்தில் எழுதவே இல்லை.