டேஷ்கேமுக்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து இணைப்பு: ஒயரைச் சுற்றிச் செருகலாமா?

கேள்வி: டேஷ்கேம் ஒயர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் தொங்குவது இடைஞ்சலாக இருக்கிறது. ஏதாவது ஒரு ஃபியூஸின் காலில் ஒயரைச் சுற்றிச் செருகினால் போதுமா? இரவில் பார்க்கிங் பதிவும் வேண்டும். பேட்டரி இறங்கிவிடுமா?

பதில்: சுற்றிச் செருகவே வேண்டாம். ஒயரின் தடிமனால் உள்ளிருக்கும் கிளிப் விரிந்து பிடி தளரும். தளர்ந்த இடம் சூடேறி பிளாஸ்டிக் உருகும். ஃபியூஸுக்கு முந்தைய காலில் சுற்றியிருந்தால் இன்னும் ஆபத்து. அந்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், அறுந்துபோக ஃபியூஸ் இல்லை, ஒயரே எரியும்.

ஃபியூஸ் டேப் என்று கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகும், இரண்டு ஃபியூஸ் அறைகளும் தனி ஒயரும் உள்ள சிறு துண்டு அது. மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்ற ஃபியூஸ் அளவுகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது. பழைய ஃபியூஸோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். டேப்பின் கால்களை ஒட்டிய அறையில் வண்டியின் பழைய ஃபியூஸ், அடுத்ததில் கேமராவுக்கானது. சாதாரண கேமரா 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும். 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டியரிங், எஞ்சின் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி), ஃபியூயல் பம்ப் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். பவர் சாக்கெட், ரேடியோ போன்றவை நல்ல தேர்வு. பார்க்கிங் பதிவுக்கென விற்கும் ஒயர் கிட்டில் மூன்று ஒயர்கள் இருக்கும்: ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு, ஒன்று எப்போதும் வரும் ஃபியூஸுக்கு, மூன்றாவது எர்த். நிறத்தை நம்பாமல் கிட்டின் தாளைப் பாருங்கள். எந்த ஃபியூஸ் எந்த வகை என்பதை மல்டிமீட்டரால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். சாவியை எடுத்தவுடன் அளக்காதீர்கள். சில சர்க்யூட்டுகளில் இன்னும் பல நிமிடங்கள் மின்சாரம் இருக்கும்.

பலரும் கோட்டை விடுவது டேப்பைச் செருகும் திசையில்தான். திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடும், ஆகவே தவறு தெரியாது. ஆனால் கேமராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சோதிப்பது எளிது. பழைய ஃபியூஸை டேப்பிலிருந்து எடுத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்து, சாவியைப் போட்டு டேப் ஒயரின் முனையை அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தால் திசை சரி. வராவிட்டால் டேப்பைத் திருப்பிச் செருகுங்கள்.

அளவெடுப்பு முடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு ஒயர்களை இணையுங்கள். எர்த்தை பாடியோடு நேரடியாகச் சேரும் போல்ட்டில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ உதவாது. முன்தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால் போகட்டும். முன்னால் போனால் பை விரியும்போது தடுக்கும்.

பேட்டரி விஷயம்: கேமரா 0.25 ஆம்பியர் இழுத்தாலே 24 மணி நேரத்தில் 6 ஆம்பியர்-அவர் போய்விடும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதி காலி என்று அர்த்தம். கிட்டின் கட்-ஆஃபை, அதாவது கேமராவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் வோல்ட் அளவை, அதற்குக் கீழே வைக்காதீர்கள். பேட்டரி பழசு என்றால் 12.4 வையுங்கள்.